கொண்டைச் சோதனை

போன மாதம் ஹைதராபாத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போவதற்காக முதன்முதலாக விமானம் ஏறினேன். விமானத்தைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. உட்கார்ந்ததும் கண்ணை மூடியவள், இறங்கச் சொன்ன பிறகுதான் திறந்தேன். நான் கண் கொட்டாமல் பார்த்தது அதற்கு முன்னால் நடந்த சோதனையைத்தான். பின்னே, அது என் தொழிலாயிற்றே. சங்ககிரிக்கும் குமாரபாளையத்துக்கும் நடுவில் இருந்த ஒரு நூல் மில்லில் பெண்களைச் சோதனை போடும் வேலையில் சேர்ந்து, அதே வேலையில் ஓய்வு பெற்றவள் நான். மில்லில் என் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. செக்கரம்மா என்று கேட்டால்தான் தெரியும்.

விமான நிலையத்தில் சோதனை போட்ட பெண்ணுக்கு என் பேத்தி வயது இருக்கும். உள்ளே போகும் முன் நான் திரையைப் பார்த்தேன். தரை வரை தொங்கியது, ஓட்டை இல்லை. திருப்தியாக உள்ளே போய்ப் பலகை மேல் ஏறி நின்றேன். தொடுவதற்கு முன் சொல்லிவிட்டுத் தொட்டாள். உள்ளங்கை படாமல் புறங்கையால் தடவினாள். பரவாயில்லை, நன்றாகத்தான் பழக்கியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, அவள் கையில் இருந்த கருவி என் கொண்டைக்குப் பக்கத்தில் வந்து கீச்சென்று கத்தியது.

"கொண்டைக்குள்ள என்ன பாட்டி வச்சிருக்கீங்க?" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்தது அடங்கவும் இல்லை. அந்த மாதிரி இடத்தில் சிரிக்கக்கூடாது. அந்தப் பெண் அவளுடைய மேலதிகாரியைக் கூப்பிட்டாள். அந்த அம்மாள் வந்து என் கொண்டையை அமுக்கிப் பார்த்து, ஊசிகளைப் பார்த்து, என் மூஞ்சியையும் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். வெளியே என் மகன் வியர்த்து விறுவிறுத்து நின்றான். "ஏம்மா, உனக்கு நேரங்காலம் தெரியாதா?" என்றான். அவனுக்குச் சொன்ன பதில்தான் இந்தக் கட்டுரை.

எழுபதுகளில் எங்கள் பக்கம் மில் நூலுக்கு அவ்வளவு கிராக்கி. காவிரிக் கரை நெடுகத் தறி. நூல் கிடைக்காமல் தறி நின்றால் வீட்டில் அடுப்பும் நிற்கும். அதனால் மில்லுக்குள் இருந்து நூல் வெளியே நடந்து போவதும் உண்டு. இடுப்பில் சுற்றிக்கொண்டு போவார்கள், தூக்குப்போசியில் போட்டு மேலே சோற்றைப் பரப்பிக்கொண்டு போவார்கள். அதனால்தான் ஷிப்ட் முடிந்து சங்கு ஊதியதும் கேட்டில் சோதனை. முதலில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வாட்ச்மேன்தான். அவன் ஒருநாள் மூங்கில் குச்சியால் ஒரு பெண்ணின் முந்தானையைத் தூக்கிப் பார்த்தான். அந்தக் குச்சி அன்றைக்கே ஒடிந்தது. ஒடிந்த இடம் அவன் முதுகு. அதற்குப் பிறகுதான் பெண் செக்கர் வேண்டும் என்று ஆள் தேடினார்கள். என் கணவர் லாரியில் போனால் மாதக்கணக்கில் வரமாட்டார். எனக்கும் ஒரு வேலை தேவைப்பட்டது. எட்டாவது படித்தவள், வாயாடி, யாருக்கும் பயப்படமாட்டேன் என்று பக்கத்து வீட்டுக்காரர் சிபாரிசு செய்தார். அதில் கடைசியாகச் சொன்னது பொய்.

எனக்கு மேலதிகாரி ஒரு சுபேதார். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர், ஆத்தூர்க்காரர். எங்கள் ஊர்ப் பேச்சில் இருக்கும் 'ங்க' அவர் வாயில் வராது. ஆனால் மரியாதையில் எங்களை எல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிடுவார். சட்டைப் பையில் ஒரு சின்னச் சீப்பும் வட்டக் கண்ணாடியும் இருக்கும். இரண்டும் மீசைக்கு. பெரிய யோசனை எதுவாக இருந்தாலும் மீசையைச் சீவிய பிறகுதான் வாயைத் திறப்பார்.

எனக்குப் பயிற்சி கொடுக்க வேண்டிய பொறுப்பு அவருக்கு வந்தது. ஒரு பெண்ணை எப்படிச் சோதனை போடுவது என்று ஒரு ஆம்பளை எப்படிச் சொல்லித் தருவார்? ஒரு பஞ்சு மூட்டையை நிறுத்திவைத்து, வாட்ச்மேன் வீட்டில் இருந்து ஒரு சேலையை வாங்கி அதற்குச் சுற்றச் சொன்னார். நான் சுற்றினேன். "இவங்கதான் தொழிலாளி" என்றார். மூட்டையைத் தொடும்போதுகூட அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"தொடறதுக்கு முன்னாடி எங்க தொடப்போறேன்னு சொல்லிட்டுத் தொடு. உள்ளங்கை படக்கூடாது, புறங்கைதான். கண்ணு அவங்க மூஞ்சிய பாக்கணும். கீழ பாக்கக்கூடாது. புரியுதாம்மா?"

"புரியுதுங்க."

"இன்னொன்னு. கை பார்த்தத வாய் சொல்லக்கூடாது. திருட்டு இருந்தா எங்கிட்ட சொல்லு. மத்ததெல்லாம் அவங்க சொத்து."

அது எவ்வளவு பெரிய பாரம் என்று வேலையில் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. யார் ரவிக்கையில் எத்தனை ஒட்டு, யார் மடியில் புகையிலை, யார் முந்தானை முடிச்சில் எந்தக் கோயில் விபூதி, யார் கல்யாணமாகாமலே யாருடைய படத்தை ஜாக்கெட்டுக்குள் வைத்திருக்கிறாள், எல்லாம் எனக்குத் தெரியும். என்னைப் போன்ற ஒரு வாயாடிக்கு இப்படி ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு வாயையும் பூட்டிவிட்டார்கள். பல நாள் வயிறு உப்பிக்கொண்டே வீட்டுக்குப் போயிருக்கிறேன்.

சுபேதார் தானும் சோதனைக்குத் தப்பமாட்டார். தினமும் வீட்டுக்குக் கிளம்பும்போது வாட்ச்மேன் முன்னால் போய் விறைப்பாக நின்று, சீப்பு, கண்ணாடி, பொடி டப்பா எல்லாவற்றையும் எடுத்து மேஜையில் வைப்பார். வாட்ச்மேன் கூச்சத்தில் நெளிவான். "சரியா பாருய்யா" என்று அதட்டுவார். ஆனால் மில்லில் மேனேஜர் என்று ஒருவர் இருந்தார். அவர் கார் வந்தால் கேட் தானாகவே திறந்துகொள்ளும். ஆபீஸ்காரர்களின் ஸ்கூட்டரும் அந்தக் காற்றிலேயே போய்விடும். "நூலு நடந்து மட்டுந்தான் போவுமாக்கும், வண்டியேறிப் போவாதாக்கும்" என்று வரிசையில் நிற்கும் பெண்கள் எனக்குக் கேட்கும்படி சொல்வார்கள். நான் காது கேட்காதவள் மாதிரி அடுத்த ஆளைக் கூப்பிடுவேன்.

இப்படி இருக்கும்போது ஒருநாள், ஒரு பெண் குழாயடியில் தண்ணீர் குடிக்கக் குனிந்தாள். கொண்டையில் இருந்து ஒரு சிட்டம், அதாவது ஒரு சுருள் நூல் நழுவியது. அவளுக்குத் தெரியவில்லை. நூல் முனை எதிலோ மாட்டிக்கொள்ள, அவள் பாட்டுக்கு நடக்க, குழாயடியில் இருந்து கேட் வரைக்கும் வெள்ளைக் கோடு போட்டது மாதிரி நூல். பின்னால் வந்தவர் மேனேஜர். நூலைப் பிடித்துக்கொண்டே வந்து கொண்டையில் நின்றார்.

மறுநாள் உத்தரவு வந்தது. எல்லாப் பெண்களும் கேட்டில் கொண்டையை அவிழ்த்துக் காட்டிவிட்டுத்தான் போகவேண்டும்.

எங்கள் பக்கத்தில் பெண்கள் தலைமுடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு பொது இடத்தில் நிற்பது எப்போது என்று எல்லோருக்கும் தெரியும். அதுவும் ஷிப்ட் முடிவது விளக்கு வைக்கிற நேரம். அன்று சாயங்காலம் கேட்டில் நடந்த கூச்சல் சங்குச் சத்தத்தைத் தோற்கடித்தது.

"வெளக்கு வெக்கற நேரத்துல தலைய விரிச்சுப் போட்டுட்டு நிக்கறதுக்கு இங்க என்ன எழவா உழுந்துருச்சு? அந்த மேனேஜர் ஊட்டுல போயி அவுக்கச் சொல்லுங்க!"

"ஏனுங்க செக்கரம்மா, நீங்களும் கொண்டதான போட்டிருக்கறீங்க? மொதல்ல உங்களுத அவுத்துக் காட்டுங்க பாக்கலாம்!"

சோதனை போடுவதற்கு எனக்கு ஒதுக்கிய இடம், கேட்டை ஒட்டிய ஒரு மூலை. மறைப்பாக ஒரு சாக்கைத் தொங்கவிட்டிருந்தார்கள். அது முழங்கால் வரைதான் வரும். நடுவில் எலி கடித்த இரண்டு ஓட்டை வேறு. கதவு வைத்துக் கொடுங்கள் என்று நான் கேட்ட போதெல்லாம் மேனேஜர், "சாக்கு நல்லாத்தானே இருக்கு" என்பார். அந்தச் சாக்குக்குப் பின்னால் ஒவ்வொருவராக வந்தார்கள். அவிழ்க்கச் சொல்ல எனக்கும் மனசில்லை. கையால் அமுக்கிப் பார்த்து அனுப்பினேன். அப்படித்தான் பாவாயி வந்தாள்.

பாவாயி ஸ்பின்னிங்கில் அறுந்த நூலை ஒட்டுகிற வேலை செய்தவள். (அவளிடம் கேட்டு, அவள் சரி என்று சொன்ன பிறகுதான் இதை எழுதுகிறேன்.) மில்லிலேயே பெரிய கொண்டை அவளுடையதுதான். நான் புறங்கையால் அமுக்கினேன். முடியை அமுக்கினால் முடி மாதிரி இருக்கவேண்டும். இது தலையணை மாதிரி உள்ளே போனது.

பாவாயி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, அவுத்துப்போடாதீங்கக்கா. பின்னால சரசு நிக்கறா" என்று காதுக்குள் சொன்னாள்.

சரசு கோன் சுற்றும் பிரிவில் வேலை செய்தவள். அவளுடைய அண்ணனுக்குத்தான் பாவாயியை நிச்சயம் செய்திருந்தார்கள். ஐப்பசியில் கல்யாணம். சங்ககிரியில் லாரிப் பட்டறை வைத்திருந்த குடும்பம். மாமியாராகப் போகிறவர் பெண் பார்க்க வந்தபோது நகை கேட்கவில்லை, சீர் கேட்கவில்லை. பாவாயியின் பின்னால் வந்து நின்று, "முடி நல்லா இருக்குது, எனக்கு இது போதும்" என்று சொல்லிப் பூ வைத்துவிட்டுப் போனார். அதற்கு அடுத்த மாதம் பாவாயிக்கு டைபாய்டு வந்தது. காய்ச்சல் போகும்போது முடியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. மிச்சம் இருந்ததைச் சுற்றி, மில்லில் தரையில் கூட்டித் தள்ளுகிற கழிவுப் பஞ்சை எடுத்துக் கறுப்புச் சாயம் போட்டு உருட்டி உள்ளே வைத்துக் கொண்டை கட்டியிருந்தாள்.

"மாமியாக்காரிக்குத் தெரிஞ்சா நிச்சயத்தையே முறிச்சுப்போடுமுங்க. எங்கய்யன் தாங்கமாட்டாரு. கலியாணம் ஆகற வரைக்கும் காப்பாத்துங்கக்கா. முடி மொளச்சுக்கும்."

முடி முளைக்கும். வேலை முளைக்குமா? மில்லில் இருந்து ஒரு பிடி கழிவுப் பஞ்சு வெளியே போனாலும் திருட்டு, ஆளை உடனே நிறுத்து என்று உத்தரவு. விஷயம் வெளியே வந்தால் பாவாயிக்கு வேலையும் போகும், கல்யாணமும் போகும். மறைத்தால் என் வேலை போகும். சாக்கின் ஓட்டை வழியாகப் பார்த்தேன். அந்தப் பக்கம் சரசு எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள். "ஒண்ணுமில்ல, போ சாமி" என்று சத்தமாகச் சொல்லிப் பாவாயியை அனுப்பிவிட்டேன்.

அனுப்பிய கையோடு நேராகச் சுபேதாரிடம் போனேன்.

"ஐயா, ஒரு புள்ளையோட கொண்டைக்குள்ள மில்லுப் பஞ்சு இருக்குதுங்க. விக்கறதுக்கு இல்லீங்க. தலையில முடி இல்லாததுக்கு வெச்சுக் கட்டியிருக்குது. பேர மட்டும் கேக்காதீங்க."

அவர் கேட்கவில்லை. சீப்பை எடுத்தார். இந்தப் பக்கம் மீசை, அந்தப் பக்கம் மீசை. கண்ணாடியில் பார்த்தார்.

"காலைல வரும்போதும் அந்தப் பஞ்சு இருக்குதா?"

"இருக்குதுங்க."

"சாயங்காலம் போகும்போதும் இருக்குது."

"ஆமாங்க."

"காலைல வந்து சாயங்காலம் போறதுக்குப் பேரு திருட்டா? அது டூட்டிம்மா."

எனக்கு உயிர் வந்தது. ஆனால் அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. "எனக்கும் உனக்கும் அது புரியுது. மேனேஜருக்குப் புரியாது. நாளைக்கு அவரே வந்து பக்கத்துல நின்னு அவிழ்க்கச் சொல்வாரு. அதுக்கு என்னா பண்றது?" என்றார். மறுபடி சீப்பு வெளியே வந்தது.

அடுத்த நாள் காலையில் சுபேதார் மேனேஜரிடம் போய்ப் பேசியதை ஆபீஸ் பியூன் எங்களுக்கு நடித்தே காட்டினான். ஒவ்வொரு கொண்டையாக அவிழ்த்து முடித்து மறுபடி கட்டிக்கொண்டு போவதற்குள் வரிசை கேட்டை அடைத்துவிடும், அடுத்த ஷிப்ட் ஆட்கள் உள்ளே நுழைய முடியாது, மெஷின் சும்மா ஓடும் என்றாராம். மெஷின் சும்மா ஓடும் என்றால் மேனேஜருக்கு நெஞ்சு வலி வந்துவிடும். "அதுக்கு என்ன செய்யலாம்?" என்று கேட்டிருக்கிறார். ஒரு பானை வைப்போம், உள்ளே வெள்ளைக் கட்டையும் சிவப்புக் கட்டையும் போடுவோம், ஆளுக்கு ஒன்று எடுக்கட்டும், வெள்ளை வந்தால் போகலாம், சிவப்பு வந்தால் முழுச் சோதனை, கொண்டை உள்பட என்று சொல்லித் தயாராக எழுதி வைத்திருந்த உத்தரவை நீட்டியிருக்கிறார். மேனேஜர் மேலாகப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். 'கேட்டைத் தாண்டி வெளியே செல்லும் அனைவரும்' என்று அதில் இருந்ததை அவர் சாயங்காலம் கார் நின்ற பிறகுதான் கவனித்தார்.

பானை சந்தையில் வாங்கிய குறுகின வாய்ப் பானை. நூல் சுற்றும் மரப் பாபின்களில் உடைந்ததை ஒரே அளவாக அறுத்துக் கட்டை செய்து, சுபேதாரே உட்கார்ந்து பெயிண்ட் அடித்தார். எடுத்த கட்டையைத் திரும்பப் பானையில் போடக்கூடாது, பக்கத்தில் இருக்கும் கூடையில் போடவேண்டும் என்பது சட்டம். வரிசையில் முதலில் பெண்கள், பிறகு ஆண்கள், கடைசியில் ஆபீஸ்காரர்கள்.

முதல் நாள் பெண்கள் பயந்துகொண்டே கைவிட்டார்கள். ஒருத்திக்குச் சிவப்பு, நாலைந்து பேருக்கு வெள்ளை, மறுபடி ஒரு சிவப்பு என்று வந்தது. பாவாயி கையை உள்ளே விட்டு, வெளியே எடுக்கவே எடுக்கவில்லை. அரைக்க விட்ட மாவைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி உள்ளேயே துழாவினாள். வெள்ளை வந்தது. சிவப்பு வந்தவர்களையும் நான் சாக்குக்குப் பின்னால் அமுக்கிப் பார்த்துவிட்டு விட்டேன்.

இரண்டாம் நாள் பெண்களில் ஒருத்திக்குக்கூடச் சிவப்பு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. அதற்குப் பிறகு வரவே இல்லை.

பெண்கள் எடுக்காத சிவப்பெல்லாம் எங்கே போகும்? பானைக்குள்தான் இருக்கும். கடைசியில் வருகிறவர்கள் ஆபீஸ்காரர்கள். கேஷியருக்குச் சிவப்பு. டைம் கீப்பருக்குச் சிவப்பு. மேனேஜர் காரில் இருந்து இறங்கி, மோதிரம் போட்ட கையைப் பானைக்குள் விட்டார். போன கை வரவில்லை. மோதிரம் பானையின் வாயில் மாட்டிக்கொண்டது. பானையைக் கையில் மாட்டிக்கொண்டே கொஞ்ச நேரம் அங்குமிங்கும் நடந்தார். நான் தேங்காய் எண்ணெய் வாங்கிக்கொண்டு ஓடினேன். எண்ணெய் விட்டு ஒருவழியாகக் கையை உருவினால், விரலிடுக்கில் சிவப்புக் கட்டை.

சுபேதார் அவரை ஆண்கள் பக்கத்து அறைக்குள் கூட்டிக்கொண்டு போனார். அவரும் ஒழுங்காக, தொடுமுன் சொல்லிவிட்டுத்தான் தொட்டிருப்பார். மேனேஜருடைய டிபன் கேரியரின் அடியடுக்கைத் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு சத்தமே இல்லை. சுபேதார் வெளியே வந்து, "ஒண்ணும் இல்லை, போகலாம்" என்று மட்டும் சொன்னார். மேனேஜர் காதெல்லாம் சிவந்து காரில் ஏறினார். அந்த அடுக்கில் என்ன இருந்தது? நான் ஜாடையாகக் கேட்டேன், நேராகக் கேட்டேன், அவர் ஓய்வு பெற்ற அன்று காப்பி வாங்கிக் கொடுத்துக் கேட்டேன். சொல்லவில்லை. அந்த மனுசன் சாகும் வரைக்கும் சொல்லவில்லை.

தினமும் சிவப்பு எடுத்து எடுத்து மேனேஜருக்கு அலுத்துவிட்டது. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் என்னையும் சுபேதாரையும் கூப்பிட்டார். "பொம்பளைங்க ஒருத்தருக்கும் சிவப்பு வரமாட்டேங்குது. இந்தப் பானையில ஏதோ தில்லுமுல்லு இருக்கு. பூஜை லீவு முடிஞ்சதும் பானை கிடையாது. எல்லாருக்கும் கொண்டையை அவிழ்த்தே ஆகணும். நானே நின்னு பார்ப்பேன்" என்றார்.

பாவாயியிடம் சொன்னேன். அவள் அழவில்லை. மூக்குத்தியைத் திருகிக்கொண்டே, "கலியாணத்துக்கு இன்னும் நாளு கெடக்குதுங்களேக்கா" என்றாள். எனக்குத்தான் அழுகை வந்தது.

ஆயுத பூஜை அன்று மில்லே வேறு மாதிரி இருக்கும். மெஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. வருசத்துக்கு ஒருமுறை முதலாளியம்மா அன்றைக்குத்தான் வருவார். நாமக்கல் பக்கம் பெரிய பண்ணையக் குடும்பத்தில் பிறந்தவர். அதிகம் பேசமாட்டார். பேசினால் முதலாளியே எழுந்து நிற்பார் என்று சொல்வார்கள். சேலம் பட்டு, கழுத்து நிறையக் காசுமாலை, தலையில் மல்லிகை சுற்றிய பெரிய கொண்டை. பூஜை முடிந்து பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு பெண்கள் ஒவ்வொருவராகப் பானையில் கைவிட்டு, வெள்ளையை எடுத்துக் கூடையில் போட்டுவிட்டுப் போனார்கள். ஆனால் ஒருத்தியும் வீட்டுக்குப் போகவில்லை. கேட்டுக்கு வெளியே புளியமரத்தடியில் நின்று பொரி தின்றார்கள். அது ஏன் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

முதலாளியம்மாவின் கார் கேட்டுக்கு வந்தது. சுபேதார் கையை நீட்டி நிறுத்தினார்.

மேனேஜர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். "யோவ், யாரு காருன்னு தெரியலையா? கேட்டைத் தொறய்யா!"

"உத்தரவுல அனைவரும்னு இருக்குது சார். நீங்க போட்ட கையெழுத்து" என்றார் சுபேதார். குரல் நடுங்கவில்லை. மீசை மட்டும் கொஞ்சம் நடுங்கியது. பக்கத்தில் நின்ற எனக்கு அது தெரிந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் அன்றோடு வேலை போய்விட்டது என்றே முடிவு செய்துவிட்டேன்.

கார்க் கண்ணாடி இறங்கியது. "என்னங்க அங்க?" என்றார் முதலாளியம்மா. சுபேதார் பானையைப் பற்றிச் சொன்னார். அந்த அம்மாள் கேட்டுக்கொண்டே, வெளியே பொரி தின்றுகொண்டிருந்த பெண்களைப் பார்த்தார்.

"இவுங்களெல்லாம் கைய உட்டாங்களா?"

"உட்டாங்கம்மா."

"அப்ப எனக்கென்ன? கொண்டாங்க பானைய."

காரில் இருந்து இறங்கி, வளையலை முழங்கை வரைக்கும் ஏற்றிவிட்டுக்கொண்டு, கையை உள்ளே விட்டு எடுத்தார். சிவப்பு.

"அது கணக்குல சேராதுங்கம்மா, நீங்க வண்டியில ஏறுங்க" என்றார் மேனேஜர்.

"ஏனுங்க சேராது? நாஞ் செவப்பு எடுத்தா சேராது, அந்தப் புள்ளைக எடுத்தாச் சேருமா?" என்று கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "எங்க வரோணும், நீ சொல்லு கண்ணு."

நான் சாக்கைக் காட்டினேன். அந்த அம்மாள் குனிந்து உள்ளே வந்தார். பட்டுச் சேலை முழங்காலுக்குக் கீழே வெளியே தெரிந்துகொண்டிருந்தது. ஓட்டை வழியாகப் பார்த்தால் மேனேஜர், டிரைவர், புளியமரத்தடிப் பெண்கள் எல்லோரும் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த அம்மாளும் ஓட்டை வழியாக அவர்களைப் பார்த்தார்.

"அம்மா, கொண்டையத் தொடப்போறனுங்க. அவுத்துக் காட்டோணும்னு உத்தரவுங்க" என்றேன்.

அதற்குப் பிறகு சாக்குக்குப் பின்னால் என்ன நடந்தது, அவிழ்த்தேனா, அமுக்கினேனா, உள்ளே என்ன இருந்தது என்று கேட்காதீர்கள். பாவாயியிடம் அனுமதி வாங்கினேன். அந்த அம்மாளிடம் வாங்கவில்லை, இனி வாங்கவும் முடியாது. அதன் பிறகு அவர் கேட்டதை மட்டும் சொல்லலாம்.

"இந்த மில்லுல வேற ஆருக்காவது இப்படி இருக்குதா கண்ணு?"

"எனக்குத் தெரியாதுங்கம்மா. கை பார்த்தத வாய் சொல்லக்கூடாதுன்னு எங்க சுபேதார் சொல்லியிருக்கறாருங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு என் கன்னத்தில் லேசாகத் தட்டிவிட்டு வெளியே போனார்.

"ஏனுங்க மேனேஜரே, இந்தச் சாக்கு எத்தன நாளாத் தொங்குது?"

"அது வந்துங்கம்மா..."

"நாளைக்கு லீவுதான? ஆசாரியக் கூட்டியாந்து கதவு வெச்சுப்போடுங்க. உள்ளாற தாப்பாளு இருக்கோணும். அப்புறம், பொம்பளைக கொண்டைய ஆரும் தொடக் கூடாது. வெளக்கு வெக்கற நேரத்துல தலைய அவுக்கச் சொல்றவன் எவனா இருந்தாலும் எம்பட ஊட்டுக்கு வந்து எங்கிட்டச் சொல்லிப்போட்டு அவுக்கட்டும்."

கார் போய்விட்டது. புளியமரத்தடியில் எழுந்த சத்தத்தில் காக்கைகள் பறந்தன.

பாவாயி என்னிடம் வந்து கை நிறையப் பொரியைக் கொடுத்தாள். "அந்தம்மா கைக்குச் செவப்பு வந்தது அதிர்ஷ்டம்டி" என்றேன்.

"அதிர்ஷ்டம் என்னுங்கக்கா? நாங்க எல்லா வெள்ளையையும் எடுத்துட்டமுங்க. இன்னிக்கு வண்டியில போறவங்களுக்குப் பானைல செவப்பு மட்டுந்தான் கெடந்துச்சு" என்றாள். சிவப்புக் கட்டை வழவழவென்று இருக்குமாம், வெள்ளை சொரசொரவென்று இருக்குமாம். பார்க்காமலே நூலின் முறுக்கைத் தடவிச் சொல்கிற விரல்களுக்கு இது ஒரு வேலையா? முதல் நாளே பாவாயி கண்டுபிடித்து, மறுநாள் விடிவதற்குள் எல்லோருக்கும் சொல்லிவிட்டாள்.

"மேனேஜருக்கும் விரல் இருக்குதே, அவருக்கு ஏன் தெரியல?"

"அவரு வெரலு கையெழுத்துப் போடறதுக்குங்க."

நான் அப்படியே சுபேதாரிடம் போய், சிவப்புக்கு ஒரு பெயிண்ட், வெள்ளைக்கு ஒரு பெயிண்ட் என்று ஏன் அடித்தீர்கள் என்று கேட்டேன். சிவப்பு தீயணைப்பு வாளிக்கு அடித்தது போக மிச்சம், வெள்ளை சுவருக்கு அடித்தது போக மிச்சம், ஸ்டோரில் அதுதான் இருந்தது என்றார். சொல்லிவிட்டுச் சீப்பை எடுத்து, அன்று அவசியமே இல்லாத நேரத்தில் வெகுநேரம் மீசையைச் சீவிக்கொண்டிருந்தார்.

ஐப்பசியில் பாவாயியின் கல்யாணம் சங்ககிரியில் நடந்தது. அலங்காரம் செய்யும் அறையில் நான்தான் காவல். கொண்டைக்குப் பக்கத்தில் யாரையும் விடக்கூடாது என்று பாவாயி எனக்கு உத்தரவு போட்டிருந்தாள். ஆனால் நாத்தனார் பூ வைக்க வந்தால் எப்படித் தடுப்பது? சரசு கையில் பூச்சரத்தோடு வந்து, கொண்டையைச் சுற்றிச் சுற்றிக் கட்டினாள். அவள் விரல் ஒரு இடத்தில் நின்றது. மறுபடி அமுக்கிப் பார்த்தாள். பாவாயி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

சரசு ஊசியை எடுத்து, அந்த இடத்தில் இரண்டு ஊசி கூடுதலாகக் குத்தி, மேலே இன்னொரு சுற்றுப் பூ வைத்தாள். பிறகு என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள்.

"ஏனுங்க செக்கரம்மா, அது நம்ம மில்லுப் பஞ்சுதானுங்களே?"

நான் பூக்கூடையைத் தேடுவது போல் அந்தப் பக்கம் திரும்பினேன்.

"எனக்கு அன்னிக்கு அந்தச் சாக்கு ஓட்டையிலேயே தெரியுமுங்க" என்றாள் சரசு. "எங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிப்போடாதீங்க. முடின்னா அதுக்கு உசுரு."